அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆகாத வீட்டு சர்வர்: மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்டேட் முடிந்து சர்வர் எழுந்திருக்கவில்லை என்றதும், உள்ளே இருந்த குடும்பப் புகைப்படங்களும் ஆவணங்களும் போய்விட்டன என்று பலர் கலங்கிவிடுகிறார்கள். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்புகளில் வழக்கமான அப்டேட் மாற்றுவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலையும் மென்பொருள் தொகுப்புகளையும்தான். உங்கள் கோப்புகள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றுக்கு உண்மையான ஆபத்து, பதற்றத்தில் அடுத்து எடுக்கும் நடவடிக்கைகளால்தான் வருகிறது.

முதலில், பூட் ஆகவில்லை என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் மூலம் சர்வருக்குள் நுழையும் முறை) வழியாக நுழைய முடியவில்லை என்பது மட்டும் போதாது. ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் சர்வரில் மாட்டிப் பாருங்கள். முழுமையாக பூட் ஆகி, லாகின் கேட்டு நிற்கும் சர்வர்கள் ஏராளம். அப்டேட்டுக்குப் பின் நெட்வொர்க் கார்டின் பெயரில் ஓர் எண் மாறியிருக்கலாம். ஐபி முகவரியோ பழைய பெயருக்கே எழுதப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் அந்த ஒரு பெயரைத் திருத்தினால் வேலை முடிந்தது. திரையைப் பார்க்காமலேயே மீண்டும் நிறுவத் தொடங்குவதைவிட வீணான உழைப்பு வேறில்லை.

திரையில் பிழைச் செய்தி இருந்தால் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பொத்தானை அழுத்தி அழுத்தி மறுபடியும் தொடங்குவது கெட்ட பழக்கம். சர்வர் உறைந்துபோனதாகத் தோன்றும் நேரத்தில் அது ஒரு பெரிய வட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது கிடைக்காத ஒரு வட்டுக்காகக் காத்திருக்கலாம். பூட்டின்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இயல்பாக 90 வினாடிகள் காத்திருந்துவிட்டு, அதன் பிறகே அவசரநிலை முனையத்துக்குப் போகும்.

இந்த அவசரநிலைத் திரைக்குப் பல நேரங்களில் அப்டேட் காரணமே அல்ல. மாதக்கணக்கில் அணைக்கப்படாத சர்வரில், எந்த வட்டை எங்கே ஏற்ற (மவுண்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எப்போதோ எழுதிய தவறான வரி அடுத்த மறுதொடக்கத்தில்தான் வெளிப்படும். கழற்றிவைத்த யுஎஸ்பி வட்டின் பெயர் அங்கே இன்னும் இருந்தால் போதும், சர்வர் நின்றுவிடும். இப்படிப்பட்ட வட்டுகளுக்கு ‘நோஃபெயில்’ என்ற விருப்பத்தைச் சேர்த்துவிட்டால், வட்டு இல்லாவிட்டாலும் பூட் தொடரும். அப்டேட்டை மட்டுமே சந்தேகித்து இதைப் பார்க்கத் தவறுகிறவர்கள் நாள் முழுவதும் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

கெர்னல் பேனிக் (கெர்னலே நின்றுவிடும் பிழை) வந்து, மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று திரை சொன்னால், பெரும்பாலும் பூட்டின் தொடக்கத்தில் கெர்னலுக்கு உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகவில்லை அல்லது பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். தனியாக வைத்த சிறிய பூட் பகிர்வு நிறைந்துபோவது இதற்கு வழக்கமான காரணம். இங்கே எளிய வழி கையருகிலேயே இருக்கிறது: பழைய கெர்னல். பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தும், யுஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்பைத் தட்டியும் கிரப் என்ற பூட் தேர்வுப் பட்டியலை வரவழைத்து, மேம்பட்ட விருப்பங்களில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். எழுந்துவிட்டால், பூட் பகிர்வில் இடம் ஏற்படுத்தி, பாதியில் நின்ற தொகுப்புகளை முடித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கலாம். இடம் ஏற்படுத்தும்போது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கெர்னலையே நீக்கிவிடாதீர்கள்.

பழைய கெர்னலும் எழவில்லை என்றால், லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் யுஎஸ்பி) பூட் செய்து சிஎச்ரூட் முறையில் சர்வரின் அமைப்புக்குள் நுழைய வேண்டும். இங்கே ஒரு நுட்பமான தவறு நேர்கிறது. மூலப் பகிர்வை மட்டும் ஏற்றிவிட்டு, பூட் பகிர்வையும் இஎஃப்ஐ பகிர்வையும் மறந்துவிடுகிறார்கள். கட்டளைகள் பிழையின்றி ஓடும்; புதிய கோப்புகளோ வெறும் அடைவில் போய் விழும். மறுதொடக்கம் செய்தால் அதே கருப்புத் திரைதான். இன்னொன்று: லைவ் யுஎஸ்பியில் வட்டுகளின் பெயர்கள் இடம் மாறும். சர்வரில் ‘எஸ்டிஏ’ ஆக இருந்தது இங்கே ‘எஸ்டிபி’ ஆகலாம். பெயரை நம்பாமல் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் பாருங்கள்.

அடுத்து வருபவை திரும்பப் பெற முடியாத இழப்பைத் தருபவை. இந்த இடத்தில் நிதானம் மிக அவசியம். ஏற்றப்பட்டிருக்கும் பகிர்வின் மீது எஃப்எஸ்சிகே என்ற சரிபார்ப்புக் கருவியை ஓட்டக் கூடாது. நலமாக இருந்த கோப்பு முறைமையையே அது சிதைத்துவிடக்கூடும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் ‘ரிப்பேர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அதை ஓட்டிவிடுகிறார்கள்; அது கடைசிப் படி. மென்பொருள் ரெய்டு (பல வட்டுகளை ஒரே தொகுதியாக இணைக்கும் முறை) தெரியவில்லை என்றால் அதை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம்மில் பயன்படுத்த வேண்டியது ‘அசெம்பிள்’. ‘கிரியேட்’ என்று கொடுத்தால், இருக்கும் தொகுதியின் அடையாளத் தகவல்கள் மேலெழுதப்படும். வட்டுகளின் வரிசை மாறியிருந்தால் மறு ஒத்திசைவு தரவையே கலைத்துவிடும். வட்டு கரகரத்தாலோ படிப்புப் பிழைகள் காட்டினாலோ, பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நகல் கருவி கொண்டு வேறொரு வட்டுக்கு நகல் எடுங்கள்.

மீண்டும் நிறுவுவதுதான் வழி என்று முடிவானால், தரவு வட்டுகளின் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ‘முழு வட்டையும் பயன்படுத்து’ என்ற தேர்வு, கழற்றிய வட்டை எதுவும் செய்ய முடியாது. அமைப்பு இருந்த பழைய வட்டிலிருந்து ஹோம் அடைவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அழிப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள். டாக்கர் வால்யூம்களும் (டாக்கரில் ஓடும் செயலிகளின் தரவு) மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களும் இயல்பாக ‘வார்’ அடைவின் கீழேதான் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு: டெபியன் 12 தருவது பதிப்பு 15, டெபியன் 13 தருவது 17, பழைய பதிப்பின் தரவு அடைவை அப்படியே புதியது ஏற்காது. வீட்டுக் கோப்புச் சேமிப்புச் செயலியான நெக்ஸ்ட்கிளவுட் பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க விடாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். எந்தப் பதிப்பு ஓடியது என்பதைப் பழைய வட்டை அழிப்பதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

சர்வர் எழுந்த பிறகு, மானிட்டரைக் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தை முழுவதும் அணைத்து ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். அதுவும் சரியாக நடந்த பிறகே பழைய கெர்னல்களைச் சுத்தம் செய்யுங்கள்; அப்போதும் ஒன்றையாவது விட்டுவையுங்கள்.