பழைய டெஸ்க்டாப் பழுதுபார்ப்பு: சுவிட்ச் போடும் முன்பே நடக்கும் தவறுகள்

பல வருடம் கிடப்பில் கிடந்த கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும், "ஓடுதான்னு பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகுவதுதான் முதல் தவறு. அதுவரை நன்றாக இருந்த பாகங்கள்கூட அந்தச் சில நொடிகளில் போய்விடும். முதலில் மூடியைக் கழற்றுங்கள்.

உள்ளே முதலில் தேட வேண்டியது பேட்டரி. 286, 386, 486 என்ற பழைய பிராசஸர்களுக்கான மதர்போர்டுகள் பலவற்றில் உருளை வடிவில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரை யாரும் தொடாவிட்டாலும் அது கசியும். "ஆசிட் கசிஞ்சிருக்கு" என்று சமையல் சோடாவைத் தூவுகிறவர்கள் உண்டு. கசிவது அமிலமே அல்ல, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். சோடா அதை ஒன்றும் செய்யாது. கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை வெட்டி எடுங்கள். வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, பச்சைப் படிவு கரைந்ததும் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். வினிகரைக் கழுவாமல் விட்டால் அதுவும் செம்பை அரிக்கும்.

பழைய பேட்டரிக்குப் பதில் சிஆர்2032 என்ற காசு வடிவ லித்தியம் செல் வைப்பதானால், நடுவில் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கட்டாயம் வேண்டும். போர்டில் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் இருக்கிறது. சாதாரண லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏறினால் வெடிக்கலாம். ஷாட்கி என்ற வகை டயோடு போட்டால் வோல்டேஜ் இழப்பு குறைவு.

அடுத்தது பவர் சப்ளை. பின்னால் 115/230 சுவிட்ச் இருந்தால் பாருங்கள். அது 115-இல் இருக்கும்போது 230 வோல்ட் போனால், உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பாகி 200 வோல்ட் மட்டுமே தாங்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் பாகங்கள்) வெடிக்கும். மெயின்ஸ் உள்ளே வரும் இடத்தில், தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறையோடு ரிஃபா என்ற பிராண்டின் காகித கெப்பாசிட்டர் இருந்தால், விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஈரம் ஏறிய காகிதம் சில நிமிடத்தில் புகைந்து நாறும். அதே மதிப்பில் எக்ஸ்2 (மெயின்ஸில் நேரடியாகப் போடும் பாதுகாப்பு வகை) தான் போட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மீட்டரில் அளக்காமல் கை வைக்காதீர்கள்.

லோடு (மின்சாரத்தை இழுக்கும் பாகம்) இல்லாமல் சப்ளையைச் சோதித்துவிட்டு "செத்துப்போச்சு" என்று முடிவுகட்டுவதும் வழக்கம். பழைய சப்ளைகள் பல, லோடு இல்லாவிட்டால் கிளம்பாது. 5 வோல்ட் லைனில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் 1 ஆம்பியர் ஓடும். சிலவற்றுக்கு இன்னும் அதிகம் வேண்டும். அந்த லைன் 4.75 வோல்ட்டுக்கும் 5.25 வோல்ட்டுக்கும் இடையில் இருந்தால் மட்டும் மதர்போர்டில் மாட்டுங்கள். ஏடி என்ற பழைய வகைப் போர்டுகளில் பவர் சப்ளைக்கு பி8, பி9 என இரண்டு கனெக்டர்கள். கருப்புக் கம்பிகள் நான்கும் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும். இடம் மாறினால் போர்டு காலி.

ஐபிஎம்மின் ஆரம்ப காலப் பிசிக்களான 5150, 5160 மாடல்களில் சப்ளை கிளம்பாமல் அடங்கினால், பெரும்பாலும் பழி அதன்மேல் போகும். உண்மையில் 12 வோல்ட் லைனில் டாண்டலம் என்ற உலோகத்தால் செய்த ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, போர்டில் பி8-இன் மூன்றாவது பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸை அளங்கள். சில ஓம்தான் காட்டினால் அதுதான். 16 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் இருந்த இடத்தில் 25 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள். இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள்: சாதாரண எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ், டாண்டலத்தில் குறி இருக்கும் பக்கம் பிளஸ். திருப்பிப் போட்ட டாண்டலம் தீப்பிடிக்கும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளான பெட்டியைப் பெராக்சைடில் வெளுப்பதைப் பலர் முதல் வேலையாகச் செய்கிறார்கள். அவசரமே இல்லை, சீராகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாகும், மஞ்சள் பிறகு திரும்பியும் வரும். பிக்சர் டியூப் மானிட்டரை மட்டும், உள்ளே தேங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்யப் பழகாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

ஹார்டு டிஸ்க் சுழன்றால் ஃபார்மேட் செய்யத் துடிக்காதீர்கள், முதலில் நகல் எடுங்கள். எம்எஃப்எம் என்ற பழைய வகை டிஸ்க்காக இருந்தால் அதனுடன் வந்த கன்ட்ரோலர் கார்டையும் மாற்றாதீர்கள். ஒரு கார்டில் ஃபார்மேட் செய்ததை வேறு கார்டு பெரும்பாலும் படிக்காது.