கரண்ட் போனாலும் கணக்கு தப்பாமல்: விட்டு விட்டு வரும் சென்சார் பதிவுகளைச் சேமிப்பது எப்படி?

எண்ணூர், மணலி, கொடுங்கையூர் பக்கம் மொட்டை மாடியில் தூசு சென்சார் வைப்பவர்களுக்கு ரீடிங் எடுப்பது சுலபம். விட்டு விட்டு வரும் ரீடிங்கைச் சேர்த்து வைப்பதுதான் சிக்கல். மின்வெட்டு வரும், உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரமே இல்லை. இடைவெளி விழத்தான் செய்யும். அது எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, ஏன் வந்தது என்ற மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தத் தரவை யாரும் நம்ப மாட்டார்கள்.

தேவையான பொருட்கள்: எல்லாவற்றையும் இயக்கும் சிறு கணினியான இஎஸ்பி32 போர்டு, பிஎம்எஸ்5003 தூசு சென்சார், வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பிஎம்இ280, டிஎஸ்3231 கடிகாரம், எஸ்டி கார்டு, 32 கேபி எஃப்ரேம் நினைவகச் சிப். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் விசாரித்துப் பார்க்கலாம். எஃப்ரேமை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

10 வினாடிக்கு ஒரு ரீடிங் என்றால் நாளுக்கு 8,640. ஒவ்வொன்றிலும் மூன்று தூசு அளவு, வெப்பம், ஈரப்பதம் என ஐந்து எண்கள். தேதி, நேரத்தோடு சிஎஸ்வி வரியாக (கமா போட்டுப் பிரித்த எழுத்தாக) எழுதினால் ஒரு வரிக்குச் சுமார் 39 பைட், நாளுக்கு 337 கேபி. அதில் பாதி, திரும்பத் திரும்ப எழுதும் தேதியும் நேரமும்தான். ரீடிங்குகளுக்கு நடுவே உள்ள நேரம் மாறாதபோது தொடக்க நேரம் ஒன்றே போதும், மற்றதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எஸ்டி கார்டு 512 பைட் துண்டுகளாக (செக்டார்) எழுதுகிறது. ஆகவே ரீடிங்குகளைக் கட்டி வைக்கும் நம் தொகுப்பும் (பிளாக்) 512 பைட். முன்னே விவரம் சொல்லும் தலைப்பு 32 பைட், மீதி 480 பைட்டில் தலா 10 பைட் வீதம் 48 ரீடிங். ஒரு பிளாக் சரியாக 8 நிமிடம். நாளுக்கு 180 பிளாக், 90 கேபி. தசமப் புள்ளி வேண்டாம்: 29.43 டிகிரியை 2943 என்றும், ஈரப்பதம் 65.4-ஐ 654 என்றும் இரண்டு பைட் முழு எண்ணாக வையுங்கள்.

தலைப்பில் இருக்க வேண்டியவை: அடையாளக் குறி (4 பைட்), கருவி எண் (2), வடிவப் பதிப்பு (1), பிளாக் ஏன் தொடங்கியது என்ற காரணக் குறி (1), யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் தொடக்க நேரம் (4), இரு ரீடிங்குக்கு நடுவே எத்தனை வினாடி (2), ரீடிங் எண்ணிக்கை (2), கருவி இயங்கத் தொடங்கியது (பூட்) எத்தனையாவது முறை (4), வரிசை எண் (4), கடிகாரத் திருத்தம் (4), பிளாக் கெட்டிருந்தால் காட்டும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி (4). நேரத்தை யூடிசியிலேயே வையுங்கள். இந்திய நேரம் வேண்டும்போது 19,800 வினாடி கூட்டினால் ஆயிற்று.

மாதத்துக்கு ஒரு கோப்பு. அதை முதலிலேயே 8,192 பிளாக், அதாவது 4 எம்பி அளவுக்குப் பூஜ்யம் நிரப்பி உருவாக்கிவிடுங்கள். வளர்ந்துகொண்டே போகும் கோப்பில் ஒவ்வொரு முறையும் கோப்பு அட்டவணையும் மாறும். அந்த நொடியில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் போகலாம். அளவு மாறாத கோப்பில் பெரும்பாலும் எழுதிக்கொண்டிருந்த பிளாக்தான் கெடும், சிஆர்சி அதைக் காட்டிக்கொடுக்கும். பூட் ஆனதும் அடுத்த காலி பிளாக்கை பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறையில் சுமார் 13 படிகளில் பிடித்துவிடலாம்.

நிரம்பாத பிளாக் எஃப்ரேமில் இருக்கட்டும். அது மின்சாரம் இல்லாமலும் மறக்காது, எத்தனை முறை எழுதினாலும் தேயாது என்றே சொல்லலாம். சாதாரண ரேமில் வைத்தால் ஒவ்வொரு மின்வெட்டிலும் 8 நிமிடம் வரை போய்விடும். மின்சாரம் திரும்பியதும் மிச்சத்தை 'மின்வெட்டில் நின்றது' என்ற குறியோடு கார்டுக்கு மாற்றி, புதிய பிளாக் தொடங்குங்கள். நாளுக்குப் பத்து மின்வெட்டு என்றாலும் கூடுதல் செலவு 5 கேபிதான்.

சென்சார் மட்டும் பேசாமல் கடிகாரம் ஓடினால் பிளாக்கை மூட வேண்டாம். 'அளவு இல்லை' என்ற குறியாகத் தூசுக்கு 65535, வெப்பத்துக்கு -32768 போட்டு நகருங்கள். பூஜ்யம் மட்டும் போடக் கூடாது. மணலியில் தூசு பூஜ்யம் என்று சராசரி சொன்னால் அது பொய். மின்சாரம் வந்தபின் முதல் 30 வினாடி பிஎம்எஸ்5003-இன் அளவு நிலைப்படாது. முதல் மூன்று ரீடிங்குக்கும் இதே குறிதான்.

கடிகாரம் மாதத்துக்கு ஐந்து வினாடிதான் விலகும், பேட்டரி உயிரோடு இருக்கும்வரை. சில டிஎஸ்3231 போர்டுகளில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் உண்டு. அதில் சார்ஜ் ஏற்றக் கூடாத சாதாரண சிஆர்2032 பட்டன் செல்லைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் செல் உப்பிப் போகும், 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள், அல்லது அந்த சர்க்யூட்டின் ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். கடிகாரம் நின்றிருந்தால் சிப்பிலேயே ஒரு கொடி (எச்சரிக்கைக் குறி) எழும். பூட் ஆனதும் அதைப் பார்த்து, எழுந்திருந்தால் நேரம் நம்பகமில்லை என்று குறியுங்கள். இணையத்தில் நேரம் திருத்தினால் பழைய பிளாக்குகளைத் தொடாமல், புதியதில் எவ்வளவு திருத்தினோம் என்று எழுதுங்கள்.

ஆய்வின்போது இடைவெளிகளைத் தனி அட்டவணையாக எடுங்கள்: தொடக்கம், முடிவு, காரணம். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் தெருவில் டீசல் ஜெனரேட்டர் ஓடும். சென்சார் அப்போது அணைந்திருக்கும். இடைவெளியின் இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு இணைத்தால் அந்தப் புகை கணக்கிலிருந்தே மறைந்துவிடும். தேசியக் காற்றுத் தரக் குறியீட்டு முறையில் 24 மணிக் கணக்குக்குக் குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும், அதாவது 120 நிறைந்த பிளாக். அதற்குக் குறைந்த நாளுக்குச் சராசரி சொல்லாதீர்கள்.

மாடியில் ஏற்றுமுன் மேசையிலேயே இருபது முறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், எழுதும் விளக்கு மின்னும்போதும். பூட் எண் ஒவ்வொன்றாக ஏற வேண்டும், வரிசை எண் தாண்டக் கூடாது, சிஆர்சி பொருந்தாத பிளாக் ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதிகமிருந்தால் முதலில் எஸ்டி சாக்கெட்டின் காண்டாக்டைப் பாருங்கள்.