அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எரர்: விட்டுப்போன ஒரு கான்ஸ்ட்

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றுக்கான எடை புரோகிராம், சி++. தராசு என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸிலிருந்து (நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாத, அடிப்படையாக மட்டும் நிற்கும் கிளாஸ்) சீரியல் போர்ட் தராசுக்கு ஒரு கிளாஸ். எடையைப் படிக்கும் ஃபங்ஷனும் அதில் இருக்கிறது. ஆனாலும் ஜி++ கம்பைலர் விடவில்லை: அப்ஸ்ட்ராக்ட் டைப்பில் ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாதாம்.

எரர் காட்டிய இடமோ நம் ஃபைலே இல்லை. ஆப்ஜெக்டை மேக் யூனிக் (make_unique) என்ற லைப்ரரி ஃபங்ஷன் வழியாக உருவாக்கியதால் லைப்ரரியின் ஹெடரைக் காட்டியது. அதை நம்பி இன்க்ளூட் வரிசையை மாற்றியது, பில்டை அழித்துத் திரும்பக் கம்பைல் செய்தது, கம்பைலரையே புதுசாகப் போட்டது எல்லாம் வீண்.

எரருக்குக் கீழே 'நோட்' என்று வரும் வரிகளில்தான் விஷயம். எந்த ஃபங்ஷன் இன்னும் ப்யூர் விர்ச்சுவலாக (டெரைவ்டு கிளாஸ், அதாவது அதிலிருந்து வந்த கிளாஸ், எழுதித் தர வேண்டியதாக) நிற்கிறது என்று முழு சிக்னேச்சரோடு (பெயர், பாராமீட்டர்கள் முதலியவற்றோடு) அங்கே இருக்கும். அடைப்புக்குறி மூடிய பிறகு, வரியின் கடைக்கோடியில் ஒரு கான்ஸ்ட் (const, ஆப்ஜெக்டை மாற்றமாட்டேன் என்ற குறி). நம் கிளாஸில் அது இல்லை. பெயர், ரிட்டர்ன் டைப் எல்லாம் ஒன்றாக இருந்தாலும், கான்ஸ்ட் இல்லாவிட்டால் சி++ கணக்கில் அது வேறு ஃபங்ஷன். பேஸில், அதாவது தராசு கிளாஸில், உள்ளது எழுதப்படாமலே பாக்கி நிற்கும்.

கான்ஸ்டைச் சேர்த்ததும் கம்பைல் ஆனது, தலைவலி விட்டது. கூடவே டெரைவ்டு கிளாஸின் விர்ச்சுவல் ஃபங்ஷன் ஒவ்வொன்றின் முடிவிலும் ஓவர்ரைடு (override, பேஸின் ஃபங்ஷனைத்தான் எழுதுகிறோம் என்ற குறி) போட்டாயிற்று (சி++11 முதல் உண்டு). இனி சிக்னேச்சர் பொருந்தாவிட்டால் எரர் அந்த வரியிலேயே வரும். பாராமீட்டரில் இன்ட்டுக்குப் பதில் லாங் விழுந்தாலும் அப்படித்தான்.