தாரில் ஆன்டி-ஸ்ட்ரிப்பிங் கெமிக்கல் கலப்பது எப்படி: ரோட்டுக்கான தார்க்கலவை பிளான்ட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சென்னை மணலி ரிஃபைனரியிலிருந்து தார் டேங்கர் உள்ளே வந்தால் யாரும் சொல்லாமலே நாலடி தள்ளி நிற்கிறோம். சூடு முகத்தில் அடிக்கிறது, பயம் தானாக வருகிறது. ஓரமாக நிழலில் கிடக்கும் கெமிக்கல் கேனுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அதில் இருப்பது பழுப்பாக, கொழகொழவென்று, மீன்கவுச்சி அடிக்கும் திரவம். மழைத்தண்ணீர் புகுந்து ஜல்லியிலிருந்து தாரை உரித்துவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. பெரும்பாலும் அமீன் வகை, அதாவது அம்மோனியா குடும்பத்துக் காரம். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

1. முதலில் தாளைப் படியுங்கள்

கேனோடு எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தாள் வர வேண்டும். அதன் 16 பகுதிகளில் 4 (முதலுதவி), 7 (கையாளும் முறை), 8 (கிளவுஸ், மாஸ்க்) போதும். கூட வேலை பார்ப்பவர்களில் இந்தி, ஒடியா பேசுபவர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இங்கிலீஷ் தாளை ஆபீஸ் ஃபைலில் பூட்டிவைப்பதால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

2. தண்ணீரைத் திறந்து பாருங்கள்

கெமிக்கல் பட்டால் கழுவத் தண்ணீர் வேண்டும். அதனால் கேனைத் திறப்பதற்கு முன்னால், அருகில் இருக்கும் குழாயைத் திறந்து கையை நீட்டுங்கள். மே மாதத்தில் கறுப்பு சின்டெக்ஸ் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதைக் கண்ணில் ஊற்ற முடியாது. தொட்டியை நிழலுக்கு மாற்றச் சொல்லுங்கள். லாரித் தண்ணீர் வராத நாளில் கலக்கும் வேலையே வேண்டாம்.

3. உடுப்பு

தார் வேலைக்குப் போடும் தோல் கிளவுஸ் இதற்கு ஆகாது. கெமிக்கலை உறிஞ்சிக்கொண்டு மணிக்கணக்கில் தோலோடு ஒட்டவைக்கும். தாளின் 8-ம் பகுதியில் சொன்ன ரப்பர் வகையையே கேளுங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. நாலு பக்கமும் மூடும் காகிள்ஸ், அதற்கு மேல் முகத்தட்டு, ரப்பர் ஏப்ரன். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே சொருகினால் வழிவதெல்லாம் காலுக்குள் இறங்கும். தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் வேண்டும்.

4. ஊற்றுவது

காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். நம் பக்கம் கோடையில் காலையில் தரைக்காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று. காலையில் நின்ற இடத்திலேயே மாலையிலும் நின்றால் ஆவி நேராக மூஞ்சிக்கு வரும்.

எவ்வளவு கலப்பது என்பதை கெமிக்கல் கம்பெனியின் தொழில்நுட்பத் தாளில் பாருங்கள், பாதுகாப்புத் தாளில் அல்ல. 0.3 சதவீதம் என்றால் 10 டன் தாருக்கு 30 கிலோ. கேனைத் தூக்கிக் கவிழ்க்காமல் கைப் பம்பால் ஏற்றுங்கள். டியூபை வாயால் உறிஞ்சவே கூடாது. பம்பில் ஈரம் இருக்கக் கூடாது: சூடான தாரில் விழும் ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கும் மேல் நீராவியாகும், தார் பொங்கி வெளியே வரும். டேங்க் மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது.

5. பட்டுவிட்டால்

கெமிக்கல் என்றால் உடனே துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர். கண்ணாக இருந்தால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம். எலுமிச்சை, வினிகர் வைத்தியம் கூடாது. சூடான தார் என்றால் தண்ணீரில் ஆறவையுங்கள். ஒட்டியதைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும், மண்ணெண்ணெயும் போடக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், தாளையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனி வார்டே இருக்கிறது.

6. காலி கேன்

கழுவிவிட்டுத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். எத்தனை கழுவினாலும் அது குடிதண்ணீருக்கு ஆகாது. காயலான் கடைக்கும் போடாதீர்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. எண்ணி, மூடி போட்டு, ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.