டிஎன்ஏயை வளைக்கும் புரதம்: உங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம்

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறோம். சூடு உறைக்கும், ஆனால் தோல் வேகாது. சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியா நுண்ணுயிருக்கோ இது குளிர்ந்த நீர். 75 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பமும் பிஎச் 2 முதல் 3 வரையான அமிலமும் உள்ள ஊற்றுகளில்தான் அது நன்றாகப் பெருகும். அந்தச் சூட்டிலும் அதன் டிஎன்ஏயின் இரு இழைகள் பிரிந்துபோகாமல் இருக்க உதவும் புரதங்களில் ஒன்று சாக்7டி. நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கும் மிகச் சிறிய புரதம் அது. ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏயோடு சேர்த்துப் பார்த்தபோது, இழைகள் பிரியும் வெப்பநிலையைச் சுமார் 40 பாகை உயர்த்தியது.

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் டிஎன்ஏ என்றதும் நேராக நிற்கும் ஏணி ஒன்றை வரைகிறார்கள். பாடநூல் படம் அப்படித்தான் இருக்கிறது. வளைந்த டிஎன்ஏயை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டால் அந்தப் படம் போதாது என்று தோன்றும். செலவு கொஞ்சம் டேட்டா மட்டும்.

முதல் படி. புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் தளம் புரோட்டீன் டேட்டா பேங்க். உலாவியில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தேடி, அந்தத் தளத்தைத் திறவுங்கள். பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. தேடல் பெட்டியில் நான்கு குறிகளை இடைவெளியின்றி இடுங்கள்: 1, ஏ, இசட், பி (1AZP). (பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி என்றாலே வயிறு கலங்குபவர்கள் இங்கே பயப்பட வேண்டாம்.) பக்கம் திறந்ததும் சாக்7டியும் டிஎன்ஏயும் சேர்ந்த பளிங்கு அமைப்பு வரும். இது 1998இல் வெளியானது.

இரண்டாம் படி. பக்கத்தின் மேலே உள்ள முப்பரிமாணக் காட்சிக்குச் செல்லுங்கள். ஒரு விரலால் இழுத்தால் மூலக்கூறு சுழலும், இரு விரல்களால் விரித்தால் பெரிதாகும். ஆங்காங்கே தெரியும் தனிப் புள்ளிகள் பளிங்கில் சிக்கிய நீர் மூலக்கூறுகள். கணினியில் பார்ப்பவர்கள் வலப்பக்கப் பட்டியலில் நீருக்கு எதிரேயுள்ள கண் குறியை அழுத்தினால் அவை மறைந்துவிடும்.

மூன்றாம் படி. இங்கே அவசரப்படாதீர்கள். டிஎன்ஏயைப் பக்கவாட்டில் வரும்படி மெல்லத் திருப்புங்கள். அதில் எட்டே காரச் சோடிகள்தாம் (ஏணியின் படிகள்) இருக்கின்றன. அந்தச் சிறு துண்டு ஓரிடத்தில் சடாரென்று முறிந்ததுபோல் மடிந்திருக்கும், சுமார் 60 பாகை. டிஎன்ஏயின் முறுக்கில் ஓடும் இரு பள்ளங்களில், புரதம் உட்கார்ந்திருப்பது அகன்ற தவாளிப்பில் அல்ல, ஒடுங்கிய சிறு தவாளிப்பில். அதன் மேல் படிந்திருக்கும் தட்டையான பகுதி பீட்டா இழைகளால் ஆனது.

நான்காம் படி. மேலே ஓடும் வரிசைப் பட்டையில் புரதத்தைத் தெரிவுசெய்து, 26ஆம் அமினோ அமிலத்தைத் தொடுங்கள்: வலின். பிறகு 29: மெதியோனின். திரை அந்த இடத்தை நெருக்கிக் காட்டும். நீரை வெறுக்கும் இவ்விரண்டின் பக்கச் சங்கிலிகளும் அடுத்தடுத்த காரச் சோடிகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் நுழைந்திருக்கும். மடிப்புக்குக் காரணம் இதுதான். வேடிக்கை என்னவென்றால், டிஎன்ஏ இவ்வளவு கோணினாலும் புரதத்தின் வடிவம் ஏறக்குறைய மாறவே இல்லை.

ஐந்தாம் படி. அதே வரிசையில் கே என்ற எழுத்தை எண்ணுங்கள். கே என்றால் லைசின். 66 அமினோ அமிலங்களில் 14 வரும். லைசினுக்கு நேர் ஏற்றம், டிஎன்ஏயின் பொசுபேற்று முதுகெலும்புக்கு மறை ஏற்றம். ஆகவே எந்தக் கார வரிசையாக இருந்தாலும் இந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்ளும். குறிப்பிட்ட வரிசையைத் தேடிப் பிடிக்கும் புரதங்களிலிருந்து சாக்7டி வேறுபடுவது இந்த இடத்தில்தான். தேர்வில் இப்படியொரு கேள்வி வராமல் போகலாம், ஆனாலும் எண்ணிப் பாருங்கள்.

பிடித்துப்போனால் அடுத்து சாக்7டியின் நெருங்கிய உறவான எஸ்எஸ்ஓ7டியை (Sso7d) தேடுங்கள். இதை டிஎன்ஏ பொலிமரேசு நொதியோடு இணைத்தபோது, நொதி இழையை எளிதில் விட்டுவிடாமல் நீண்ட தூரம் பிரதி எடுத்தது. இன்று பீசிஆர் முறையில் டிஎன்ஏயைப் பல மடங்கு பெருக்கும் ஆய்வுக்கூடங்களில் அத்தகைய நொதிகள் விலைக்கு வாங்கிப் பயன்படுத்தப்படுகின்றன.