ஊருக்குப் போகிறவர்களின் கைப்பையில் ஒரு கண்ணாடி உடைக்கும் கருவி

என் அண்ணன் மகளுக்கு அப்போது இரண்டு வயது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். வெளியே புறப்படும் அவசரத்தில் குழந்தையைப் பின்சீட்டில் இருக்கைப் பட்டி போட்டு உட்கார வைத்தாயிற்று. அழாமல் இருக்கட்டும் என்று யாரோ கார்ச் சாவியையே விளையாடக் கொடுத்துவிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கி வைக்கத் திரும்பினோம். உள்ளே அவள் பொத்தானை அமுக்கினாள். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. உச்சி வெயில், மாற்றுச் சாவி கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

உறவினர் ஒருவர் அரைச் செங்கல்லோடு ஓடி வந்து முன்பக்கக் கதவுக் கண்ணாடியின் நடுவில் ஓங்கி அடித்தார். செங்கல் எகிறித் திரும்பி அவர் காலருகே விழுந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. இன்னொரு அடி, அதே கதை. என் சாவிக்கொத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்பிரிங் பஞ்ச், அதாவது அழுத்தினால் உள்ளிருக்கும் சுருள்வில் கூர்முனையைத் தெறிக்கவிடும் கண்ணாடி உடைக்கும் கருவி, தொங்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வர அரை நிமிடம் ஆயிற்று. அதைக் கண்ணாடியின் கீழ்மூலையில் வைத்து அழுத்தினேன். 'டிக்' என்று பேனா மூடி திறப்பது போல ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் ஒரே கணத்தில் பால் வெள்ளையாகி, கல்லுப்பைக் கொட்டியது போலச் சரிந்தது.

செங்கல்லால் முடியாதது கட்டைவிரல் அளவுப் பொருளால் முடிந்ததற்குக் காரணம் கண்ணாடி செய்யப்படும் விதம். கார்களின் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்ட் கண்ணாடி. அதை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. இப்படி இறுக்கப்பட்டு நிற்கும் மேற்பரப்பு, பரந்து விழும் அடியைத் தாங்கிக்கொள்ளும். ஊசி முனை அளவுக்கு ஒரே புள்ளியில் அந்த இறுகிய தோலைத் துளைத்துவிட்டால், உள்ளே அடைபட்டிருந்த இழுவிசை முழுவதும் விடுபட்டு, கண்ணாடி மொத்தமும் தானாகவே பொடிந்துபோகிறது. வேண்டியது கூர்மையும் கடினமும்தான், தோள் வலிமை இல்லை. அதனால்தான் நல்ல கருவிகளின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு வைக்கிறார்கள்.

அடிக்கும் இடமும் முக்கியம். கண்ணாடியின் நடுப்பகுதி அடி வாங்கும்போது சற்றே வளைந்து கொடுக்கும். விளிம்பு, அதுவும் மூலை, சட்டத்தில் பிடிபட்டிருப்பதால் வளைய இடமில்லை. ஆகவே மூலையில், விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி வையுங்கள். பஞ்சைச் செங்குத்தாகப் பிடித்து, சுண்டுவிரல் பக்கத்தைக் கதவுச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு அழுத்துவது என் வழக்கம். ஊன்றாமல் தள்ளினால் கண்ணாடி போன வேகத்தில் கையும் உள்ளே போய்விடும். டெம்பர்ட் கண்ணாடி கத்தி போன்ற நீளச் சில்லாக உடையாது என்பது உண்மைதான். ஆனாலும் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் துண்டுகள் தோலைக் கிழிக்கும். எனக்கு அன்று மணிக்கட்டில் கிடைத்த கோடு இன்னும் இருக்கிறது. ஒரு துண்டையோ சட்டையையோ கையில் சுற்றிக்கொள்ள ஐந்து நொடிதான் ஆகும்.

குழந்தை உள்ளே இருந்தால், அதற்கு மிகத் தொலைவில் உள்ள கண்ணாடியை உடையுங்கள். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், "அண்ணி, எதிர்ப்பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டி அவளைச் சிரிக்க வையுங்கள்" என்று சொன்னதுதான். குழந்தை அம்மாவைப் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடைத்த பிறகு கையை விட்டு உள்பிடியை இழுத்தால் கதவு திறக்கும் என்று எல்லாரும் நினைப்போம். சில கார்களில் ரிமோட்டால் பூட்டியபின் உள்பிடியும் வேலை செய்யாது. அப்படியானால் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அல்லது குழந்தையைத் தூக்கி எடுக்க வேண்டும். அதற்கு மனத்தைத் தயாராக வைத்திருங்கள். அலாரம் அலறும். அலறட்டும்.

எப்போது உடைப்பது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று 2005-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஏறுவதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் பெரிய வேறுபாடு இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். குழந்தை துவண்டாலோ, வியர்வை நின்றாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் போனாலோ, மாற்றுச் சாவி வருகிறது என்ற சொல்லை நம்பி நிற்காதீர்கள். கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.

இனி, கருவியை வாங்கிவிட்டதால் எல்லாம் ஆயிற்று என்று நினைப்பவர்களுக்குக் கசப்பான செய்தி. முன்கண்ணாடியை எந்தப் பைக் கருவியும் உடைக்காது. அது லேமினேட்டட் கண்ணாடி, இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒட்டிய நெகிழித் தாள். குத்தினால் சிலந்தி வலைபோல விரிசல் விடுமே தவிர வழி விடாது. இப்போது பல கார்களில் பக்கக் கண்ணாடியும் இப்படித்தான் வருகிறது. விபத்தில் ஆள் வெளியே வீசப்படாமல் இருக்கவும், சத்தம் உள்ளே வராமல் இருக்கவும் அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏஏஏ 2019-இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு கருவிகள் டெம்பர்ட் கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. சுத்தியல் வகையைவிட ஸ்பிரிங் வகையே நன்றாக வேலை செய்தது என்பதும் அதே சோதனையின் முடிவு. அந்த நாட்டில் விற்ற 2018 மாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் லேமினேட்டட் பக்கக் கண்ணாடி இருந்ததாம்.

ஆகவே நீங்கள் உட்காரும் கார் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கண்ணாடியின் கீழ்மூலையில், நகம் அளவு இடத்தில், பொடி எழுத்தில் முத்திரை இருக்கும். அதில் டெம்பர்ட் அல்லது டஃபன்ட் என்று ஆங்கிலத்தில் இருந்தால் உடையும். லேமினேட்டட் என்று இருந்தால் உடையாது. எழுத்து இல்லாமல் வெறும் குறியெண் மட்டும் இருந்தால், கண்ணாடியைப் பாதி இறக்கி மேல்விளிம்பைப் பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது லேமினேட்டட். முன்பக்கம் ஒரு வகை, பின்பக்கம் வேறு வகை என்றும் கார்கள் இருக்கின்றன. பின்கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்ட்தான். ஊரில் நாம் ஏறுவது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வண்டி: இன்று சித்தப்பாவின் கார், நாளை வாடகை வேன். வீட்டுக் காரைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதெல்லாம் அங்கே செல்லாது. ஏறியதும் பட்டி போடுவதுபோல மூலையைப் பார்ப்பதையும் ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள், சிரித்தாலும் கேட்டுக்கொள்வார்.

வெயில் தாள் ஒட்டிய கண்ணாடி தனிக் கதை. கண்ணாடி டெம்பர்டாக இருந்தால் பஞ்ச் அதை உடைத்துவிடும். ஆனால் துகள்கள் தாளோடு ஒட்டிக்கொண்டு பாயைப் போல அப்படியே நிற்கும். உடையவில்லை என்று நினைத்து மறுபடியும் குத்திக்கொண்டிருக்காதீர்கள். வெள்ளையாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் செருப்புக் காலால் மூலையில் உதைத்து வெளியே தள்ளுங்கள், அல்லது கருவியில் இருக்கைப் பட்டியை வெட்டும் முனை இருந்தால் அதனால் தாளை ஓரமாகக் கிழியுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். மழைக்காலத்தில் போகிறவர்கள் இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லக்கூடும். அறுபது சென்டிமீட்டருக்குப் பெரிய வண்டியும் தப்பாது. ஓட்டுநர், "தினமும் போகிற வழிதான்" என்பார். அடி தெரியாத நீரில் இறங்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை பணம் கொடுத்து ஏறிய உங்களுக்கு உண்டு.

கார் நீரில் விழுந்துவிட்டால் அது உடனே மூழ்காது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் கார்களை ஆளோடு நீரில் இறக்கிப் பல முறை சோதித்திருக்கிறார். தப்பிக்க உள்ள நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது அவர் சொல்வது. அந்த ஒரு நிமிடத்தில் தொலைபேசியை எடுக்காதீர்கள். பட்டியைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளி, நீங்களும் போக வேண்டும். பிள்ளைகளில் மூத்தவரின் பட்டியை முதலில் கழற்றுங்கள், அவர் தானே நகர்ந்துகொள்வார், இளையவருக்கு உங்கள் கை மிஞ்சும். மின்கண்ணாடிகள் பெரும்பாலும் நீர் பட்டவுடனே செத்துப்போவதில்லை. பொத்தானை முதலில் அமுக்கிப் பாருங்கள், வேலை செய்யாவிட்டால்தான் கருவி.

கதவைத் திறக்க முயல்வது ஏன் வீண் என்றால், ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு வெளியே 60 சென்டிமீட்டர் நீர் நின்று உள்ளே நீர் இல்லாதிருந்தால், அந்தக் கதவின்மேல் சாய்ந்திருப்பது ஏறத்தாழ 180 கிலோ. நீர் ஜன்னலை எட்டுமுன் உடைத்துவிட்டால் நீங்கள் வெளியேறுவது எளிது. எட்டிய பிறகு உடைத்தால் துகளும் நீரும் சேர்ந்து முகத்தில் பாயும். அப்போது முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்த வேண்டும். சுத்தியல் நீருக்குள் வீசினால் வேகம் எடுக்காது. ஸ்பிரிங் பஞ்சுக்கு வீச்சே தேவையில்லை. கைக்கருவி என்று நான் ஸ்பிரிங்கையே சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

தலைசாயும் திண்டின் கம்பியைக் கழற்றி உடைக்கலாம் என்று வாட்சப்பில் சுற்றும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அந்தக் கம்பி திண்டை ஏற்றி இறக்கத்தான் வைக்கப்பட்டது. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே சொருகி நெம்பினால் சில சமயம் உடைகிறது. இருட்டில், சாய்ந்த காரில், பதற்றத்தில் அந்தத் திண்டைக் கழற்ற முடியுமா என்று இப்போதே ஒரு முறை முயன்று பாருங்கள்.

இரவு நேரக் குளிர்சாதனப் பேருந்துகளில் திறக்க முடியாத பெரிய கண்ணாடிகள் இருக்கும். அருகே சுத்தியல் மாட்டியிருக்க வேண்டும். ஏறியதும் எந்தக் கம்பத்தில் இருக்கிறது, உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பல முறை நான் கண்டது மாட்டும் கொக்கி மட்டும். அவசர வழி எது என்பதையும் விளக்கை அணைக்குமுன் பார்த்துவிடுங்கள்.

கருவியைக் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். டாஷ்போர்டு அறைக்குள் காகிதங்களுக்கு அடியில் கிடந்தால், கார் கவிழ்ந்த பிறகு அது எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைப்பையின் வாரில், அல்லது கால்சட்டைப் பையில் இருக்கட்டும். சாவிக்கொத்தில் மாட்டும் வகையென்றால் கொக்கியிலிருந்து ஒரே இழுப்பில் கழல்கிறதா என்று பாருங்கள். முனை வேலை செய்கிறதா என்பதை மரத்துண்டில் அழுத்திச் சோதிக்கலாம், சின்னக் குழி விழும். பட்டி வெட்டும் பகுதி கொக்கி வடிவில், அலகு உள்ளே மறைந்திருப்பதாக வாங்குங்கள். பட்டியை இறுக்கிப் பிடித்து, சாய்வாக வைத்து ஒரே இழுப்பில் இழுத்தால் அறுந்துவிடும், அறுப்பது போல முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். மடக்குக் கத்தியின் அடியில் கண்ணாடி முனை வைத்த வகைகளும் உண்டு. பயணத்துக்கு அது தேவையற்ற தொல்லை என்பேன்.

வெளியே வந்த பின் அழைக்க வேண்டிய எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் 112, ஆம்புலன்சுக்குத் தமிழகத்தில் 108. இலங்கையில் ஆம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. வெளிநாட்டுப் பழக்கத்தில் விரல் 911-க்கோ 999-க்கோ போய்விடும்.

உடைத்த காரில் குழந்தை இருக்கையின் உறையைக் கழற்றாமல் பிள்ளையை மறுபடி உட்கார வைக்காதீர்கள். பட்டி நுழையும் துளைகளுக்குள் துகள் புகுந்திருக்கும். எங்கள் வீட்டில் மூன்று முறை வெற்றிடத் துடைப்பானால் உறிஞ்சிய பிறகும், உறையை உதறியபோது தரையில் இரண்டு கற்கள் உருண்டன.

விமானத்தில் இந்தக் கருவியைக் கட்டாயம் பதிவு செய்து அனுப்பும் பெட்டிக்குள் வையுங்கள், போகும்போதும் வரும்போதும். போகும்போது நான் சரியாகவே வைத்தேன். திரும்பும்போது அண்ணன் மகளைக் காப்பாற்றிய அதே கருவி சாவிக்கொத்திலேயே இருந்ததை மறந்துவிட்டேன். பாதுகாப்புச் சோதனையில் இருந்த அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என்ன இது என்று கேட்டார். சொன்னேன். நல்ல பொருள் என்று தலையாட்டிவிட்டு, பக்கத்திலிருந்த தொட்டியில் போட்டார்.