கேடன்ஸ் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டர்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

நிமிடத்துக்கு எத்தனை முறை பெடலைச் சுற்றுகிறோம் என்ற கணக்குதான் கேடன்ஸ். பொழுதுபோக்காக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 60க்கும் 80க்கும் நடுவே சுற்றுவார்கள். ரோடு சைக்கிளில் பழகியவர்கள் 80லிருந்து 100 வரை போவார்கள். இவ்வளவு எளிய கணக்கைக் காட்ட ஹேண்டில்பாரில் மாட்டும் சைக்கிள் கம்ப்யூட்டரை வாங்குவதில் ஏன் இத்தனை பேருக்குக் காசு வீணாகிறது? எல்லோரும் திரையைப் பார்த்து வாங்குகிறார்கள். எண் பிறப்பதோ கீழே, பெடலைத் தாங்கிச் சுற்றும் கைக்கு, அதாவது கிராங்குக்குப் பக்கத்தில். அதை எண்ணுவது எது, அது எப்படி மேலே வந்து சேர்கிறது என்று கேட்காமல் வாங்கினால் பாதித் தவறு கடையிலேயே நடந்துவிடும்.

ஜிபிஎஸ் இருந்தால் கேடன்ஸும் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள் என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியும். காலை அசைக்காமல் இறக்கத்தில் உருண்டு போகிறீர்களா, மிதித்துக்கொண்டு போகிறீர்களா என்பது தெரியாது. அட்டைப்பெட்டியில் கேடன்ஸ் என்று அச்சிட்டிருந்தால், பல சமயம் அதற்கு அர்த்தம் ‘சென்சார் இருந்தால் காட்டுவேன்’ என்பதுதான். அந்தச் சென்சாருக்குத் தனி விலை. அதனால் விளம்பர வரிகளை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் படியுங்கள். கைக்கடிகாரமும் இதே கதைதான். அது சொந்தமாகக் காட்டும் கேடன்ஸ், ஓடும்போது வைக்கும் காலடிகளின் கணக்கு. ஆப்பிள் வாட்ச் 2023லிருந்து சைக்கிள் சென்சார்களோடு புளூடூத்தில் இணைகிறது, உண்மைதான். ஆனால் அங்கேயும் சென்சாரை நீங்கள்தான் வாங்கி மாட்ட வேண்டும்.

சரி, சென்சார் வாங்கப் போகிறீர்கள். வேக சென்சாரும் கேடன்ஸ் சென்சாரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேக சென்சார் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் உட்காரும், கேடன்ஸ் சென்சார் கிராங்கில் உட்காரும். விலை குறைந்த சிலவற்றில் ஒரே சென்சார் இரண்டு வேலையும் செய்யும் என்று போட்டிருப்பார்கள். அதைக் கவனமாகப் படிக்க வேண்டும்: இரண்டையும் செய்யும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. மஜீன் போன்ற நிறுவனங்களின் சென்சார்களில் பட்டன் பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டால் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும், எதில் இருக்கிறது என்பதை விளக்கின் நிறம் சொல்லும். புதுப் பேட்டரி போட்டதும் கேடன்ஸ் காணாமல் போனால் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், வேக வேலைக்கு மாறியிருக்கும். ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் கையில் இருப்பவருக்கு வெளியில் ஓட்ட கேடன்ஸ் சென்சார் ஒன்றே போதும். வீட்டுக்குள் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் ஓட்டுபவருக்குத்தான் இரண்டும் தேவைப்படலாம்.

ஜிபிஎஸ் இல்லாத சாதாரண கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் விழும் பள்ளம் வேறு. வயர் இல்லாதது என்றால் நல்லது என்று ஒரு நம்பிக்கை. பழைய பாணி அனலாக் வயர்லெஸ் சிக்னல் சுமார் 70 சென்டிமீட்டர்தான் எட்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் இருக்கும் வேக சென்சாருக்கு அது போதும். கிராங்கிலிருந்து ஹேண்டில்பாருக்கு அந்தத் தூரம் பற்றாது. அதனால்தான் மலிவான வயர்லெஸ் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் வெப்பநிலை, கடிகாரம், கலோரி என்று என்னென்னவோ இருந்தும் கேடன்ஸ் மட்டும் இருக்காது. இந்த விலையில் கேடன்ஸ் வேண்டுமென்றால் வயர் உள்ளதே மேல். கேட்ஐ நிறுவனத்தின் ஸ்ட்ராடா கேடன்ஸ் அப்படிப்பட்டது. இடது கிராங்கில் ஒரு காந்தம், கிராங்கின் பக்கமிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாயான செயின்ஸ்டேயில் ஒரு சென்சார். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் சென்சாருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் மூடித் திறக்கும், கம்ப்யூட்டர் அதை எண்ணிக்கொள்ளும். பேர் பண்ணும், அதாவது வயரில்லாமல் இரண்டு கருவிகளை இணைக்கும் தொல்லை இல்லை, சென்சாருக்கென்று பேட்டரியும் இல்லை. வயரை ஃபிரேமோடு சேர்த்து நெருக்கமாகக் கட்டத்தான் பொறுமை வேண்டும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு வளைவில் ஷூ இடித்து சென்சார் திரும்பிவிட்டால் திரையில் பூஜ்யம்.

கேடன்ஸ் தப்பாக வருகிறது என்று சக்கரச் சுற்றளவை மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. 700 × 25 டயருக்கு 2105 மில்லிமீட்டர், 26 × 1.95க்கு 2050 என்று போடும் அந்த எண் வேகத்துக்கும் தூரத்துக்கும் மட்டுமே. கேடன்ஸ் வெறும் எண்ணிக்கை. அது தாறுமாறாகக் குதித்தால் சென்சார் ஆடுகிறதா, காந்தம் நகர்ந்ததா, பேட்டரி தீர்ந்ததா என்று பாருங்கள்.

காந்தம் இல்லாத, ரப்பர் வளையத்தில் கிராங்கோடு கட்டும் சென்சார்கள் இன்று அதிகம். கார்மினும் வாஹூவும் விற்பது இந்த வகை. வாங்குமுன் உங்கள் சைக்கிளிடம் போய் இடது கிராங்கின் உட்பக்கத்துக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். சில ஃபிரேம்களில் விரலே நுழையாது, சென்சார் எப்படி நுழையும்? மாட்டியதும் கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். உரசினால் அப்போதே தெரிந்துவிடும். இவை ஓய்வில் தூங்கும் என்பதால், பேர் பண்ணுவதற்கு முன்பும் கிராங்கைச் சில சுற்று சுற்றி எழுப்ப வேண்டும். ‘சென்சார் கிடைக்கவில்லை’ என்ற புலம்பலில் பாதி இதனால்தான் வருகிறது.

மீதிப் பாதிக்குக் காரணம் புளூடூத். சென்சார்கள் பேசும் இன்னொரு வயர்லெஸ் முறையான ஆன்ட் பிளஸ் சிக்னலை எத்தனை கருவி வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். பல புளூடூத் சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் கைகோக்கும். பாக்கெட்டில் இருக்கும் போன் அப்படிப்பட்ட சென்சாரை முதலில் பிடித்துக்கொண்டால் ஹேண்டில்பாரில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கிடைக்காது. ஐபோனில் ஆன்ட் பிளஸ் கிடையாது, ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலான போன்களில் இல்லை. எனவே இரண்டையும் பேசும் சென்சாராக வாங்கிவிடுங்கள், இன்று விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்று: சென்சாரை மட்டும் வாங்கி, சைக்கிள் பயணங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் இணைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். 2019ல் ஸ்ட்ராவா போன் செயலியில் சென்சார்களை நேரடியாக இணைப்பதை நிறுத்திவிட்டது. இதயத்துடிப்புப் பட்டைக்கு மட்டும் பிறகு வழி விட்டார்கள். கேடன்ஸுக்கு வேறு செயலியில் பதிந்து அனுப்ப வேண்டும்.

திரையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: வேகமும் கேடன்ஸும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். பட்டனை அழுத்தி அழுத்தித்தான் கேடன்ஸுக்குப் போக வேண்டும் என்றால் இரண்டே வாரத்தில் அதைப் பார்ப்பதை விட்டுவிடுவீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் எண்ணின் அளவைக் கண்ணாடி போடாமல் பார்த்து வாங்குவது நல்லது. சராசரி கேடன்ஸை நண்பரோடு ஒப்பிடுமுன், பெடல் மிதிக்காத நேரத்துப் பூஜ்யங்களையும் அவரவர் கருவி சேர்த்துக்கொள்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். அந்த ஒரு தேர்வு சராசரியைத் தாராளமாக இறக்கிவிடும்.

சிலருக்கு இது தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் வைத்திருந்தால் பெரும்பாலும் கேடன்ஸும் அதிலிருந்தே வந்துவிடும். கியர் இல்லாத சைக்கிள் என்றால் வேகமே கேடன்ஸ். முன்னே 44 பல், பின்னே 18 பல், 26 × 1.95 டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 60 சுற்று, 24ல் போனால் 80. இதற்கு ஒரு சென்சாரா? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கேடன்ஸ் விழுகிறது என்று கவலைப்படுபவருக்கும் வேறு பதில்தான். முன்னே 34, பின்னே 28 பல், 700 × 25 டயரில் 60 சுற்றைக் காப்பாற்ற 9.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஏற்றத்தில் அந்த வேகம் வராதவருக்கு, கம்ப்யூட்டருக்கு வைத்த பணத்தில் பின்னால் பெரிய கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) போடுவதுதான் பயன்.

கடைசியாகப் பேட்டரி. சென்சாருக்கு சிஆர் 2032 பட்டன் பேட்டரி என்றால் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும், வேறு அளவு என்றால் கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். ஜிபிஎஸ் கம்ப்யூட்டரில் பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பேக்லைட்டும் சென்சார்களும் ஓடினால் அது குறையும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ஓட்டம்தான் பிரெவே; 200 கிலோமீட்டர் பிரெவேக்கு நேர வரம்பு பதின்மூன்றரை மணி, 400க்கு 27 மணி. நீண்ட தூரம் போகிறவர்கள், சார்ஜ் ஏறும்போதே பதிவும் தொடர்கிறதா என்று கடையில் கேட்க வேண்டும். பவர் பேங்கைச் செருகியதும் பதிவை நிறுத்திவிடும் மாடல்களும் உண்டு.